33 வயதில் எம்பிஏ: வேலையை விட்டு ஒரு வருடமா, வேலையோடு வார இறுதிகளா?

ஒரு வாசகியின் கேள்வி இது: "எனக்கு 33 வயது. சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன், இப்போது டீம் லீட். நாலு வயதில் ஒரு மகள். எம்பிஏ முடித்தால்தான் மேலே போக முடியும் என்று தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்டு ஓராண்டுப் படிப்பில் சேர்வதா, வேலையில் இருந்தபடியே சனி, ஞாயிறு வகுப்புக்குப் போவதா, ஆன்லைனில் சீக்கிரம் முடித்துவிடுவதா? எது வேகமாகப் பலன் கொடுக்கும்?"

முதலில் அந்த 'வேகம்' எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். இரண்டாண்டு எம்பிஏவை ஓராண்டாகச் சுருக்கும்போது முக்கியப் பாடங்கள் அவ்வளவாகக் குறைவதில்லை. முதலில் காணாமல் போவது சம்மர் இன்டர்ன்ஷிப். இரண்டாண்டுப் படிப்பில் முதல் வருடம் முடிந்ததும் எட்டு முதல் பத்து வாரம் மாணவர்கள் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு வந்த பையன் வங்கி வேலை தனக்கு ஒத்துவருமா என்று தொட்டுப் பார்ப்பது அந்தச் சில வாரங்களில்தான். வங்கியும் அவனை அப்போதுதான் எடைபோடும். இரண்டு பக்கமும் பிடித்துப்போனால் படிப்பு முடியும் முன்பே வேலை கையில் இருக்கும். ஓராண்டுப் படிப்பில் இந்த ஒத்திகை கிடையாது.

ஐதராபாத்தில் 2001-ல் வகுப்புகள் தொடங்கிய ஐஎஸ்பி என்ற பிசினஸ் ஸ்கூலின் பிஜிபி என்ற ஓராண்டுப் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுவதும் எட்டு டெர்ம். முதல் நாலு டெர்மில் கட்டாயப் பாடங்கள், அடுத்த நாலில் விருப்பப் பாடங்கள். ஒரு டெர்ம் என்பது சில வாரம்தான். பேலன்ஸ் ஷீட்டை எப்படி வாசிப்பது என்று பிடிபடும்போது அந்தப் பாடத்தின் பரீட்சை முடிந்திருக்கும். விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் வருவதற்குள் எந்த வேலைக்குப் போகப் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். கூடவே ரெஸ்யூமே, சீனியர்களோடு பேச்சு, மாதிரி நேர்காணல். "முதல் ஆறு மாசம் எனக்கு ஞாபகமே இல்லை" என்று ஓராண்டு படித்த நண்பர் ஒருவர் சொன்னார். கெட்டிக்காரர், நல்ல வேலையும் கிடைத்தது. உள்ளே போகும்போதே என்ன வேலை வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் தப்பித்தார்.

ஆகவே நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான். ஓராண்டுப் படிப்பில் யோசிக்க நேரம் கிடைக்காது. யோசனையை வெளியிலேயே முடித்துவிட்டு உள்ளே போகிறவருக்கு அது நிஜமாகவே வேகமான வழி. போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறவருக்கு அதே ஓராண்டு மிகவும் விலை கூடிய குழப்பமாக முடியும். உங்கள் கேள்வியில் எந்தப் படிப்பு, எத்தனை மாதம் என்பதெல்லாம் இருக்கிறது. படித்து முடித்து என்ன வேலைக்குப் போக விரும்புகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. 'மேலே போக' என்பது போதாது.

உங்கள் இடத்தில் இருப்பவர்கள் பொதுவாக மூன்று பக்கம் போக நினைக்கிறார்கள். ஒன்று, இதே துறையில் அடுத்த படிகள்: டெலிவரி மேனேஜர், புரோகிராம் மேனேஜர், பிரீசேல்ஸ் (ஒப்பந்தம் கிடைக்கும் முன் வாடிக்கையாளருக்குத் தீர்வை விளக்கும் வேலை). இரண்டாவது, பக்கத்து வீடு மாதிரியான வேலைகள்: புராடக்ட் மேனேஜ்மெண்ட், டெக்னாலஜி கன்சல்டிங். மூன்றாவது, முற்றிலும் வேறு ஊர் மாதிரியான வேலைகள்: முதலீட்டு வங்கி, சோப்பு ஷாம்பு கம்பெனியில் பிராண்டு மேனேஜர். மூன்றாவது உங்கள் மனதில் இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஓராண்டுப் படிப்பு அதற்கு நல்ல பாலம் இல்லை. அந்தக் கம்பெனிகள் நம் நாட்டில் பெரும்பாலும் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுக்காரர்களை இன்டர்ன்ஷிப் வழியாகவே எடுக்கின்றன. முடியவே முடியாது என்று சொல்லவில்லை, ரொம்பக் கஷ்டம். இரண்டாவதுக்கு ஓராண்டுப் படிப்பு நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் உங்கள் ஒன்பது வருட அனுபவத்தையும் சேர்த்தே அந்தக் கம்பெனிகள் விலைக்கு வாங்குகின்றன. முதலாவதுக்கு வேலையை விட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து.

ஓராண்டுப் படிப்புகளுக்குள்ளும் வயது வித்தியாசம் உண்டு. ஐஎஸ்பியின் பிஜிபி வகுப்பில் நாலைந்து வருட அனுபவம் உள்ளவர்களே அதிகம். உங்களை அங்கே அக்கா என்று கூப்பிடுவார்கள். தப்பில்லை, ஆனால் வளாகத்துக்கு வரும் கம்பெனிகளும் அந்த வயதை மனதில் வைத்துத்தான் வருகின்றன. அகமதாபாத் ஐஐஎம் 2006-ல் தொடங்கிய பிஜிபிஎக்ஸ், பெங்களூரு ஐஐஎம்மின் இபிஜிபி, கல்கத்தா ஐஐஎம்மின் எம்பிஏஎக்ஸ் ஆகியவை உங்கள் அனுபவத்துக்கு நெருக்கமானவை. சென்னைக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டி கிரேட் லேக்ஸ் இருக்கிறது. அமெரிக்காவின் கெல்லாக் பிசினஸ் ஸ்கூலில் பல ஆண்டு பாடம் நடத்திய பாலா பாலச்சந்திரன் 2004-ல் தொடங்கியது. அங்கேயும் ஓராண்டுப் படிப்பு உண்டு, ஆனால் வகுப்பில் இளையவர்கள் அதிகம் இருப்பார்கள்.

இப்போது வார இறுதி வகுப்பு. நான் படித்தது இந்த வழியில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அப்போது நான் சென்னையில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் இருந்தேன். வயது 34. ஒரு சனிக்கிழமை வகுப்பில் அடக்கவிலைக் கணக்கு. கரண்ட், மேற்பார்வை, பராமரிப்பு மாதிரியான பொதுச் செலவுகளை ஒவ்வொரு பொருளுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பது பாடம். எங்கள் பிளான்டில் மெஷின் ஓடும் நேரத்தை வைத்துப் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பெரிய ஆர்டர் என்றால் மெஷின் மூன்று நாள் நிற்காமல் ஓடும், அதனால் செலவு முழுக்க அதன் தலையில் விழும். சின்ன ஆர்டர் இரண்டு மணி நேரம்தான் ஓடும், அதனால் காகிதத்தில் மலிவாகத் தெரியும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்காக மெஷினில் டை என்ற அச்சை மாற்ற ஒன்றரை மணி நேரம், செட்டிங் சரிபார்க்க ஒரு ஆள், முதல் பத்துப் பீஸ் கழிவு. இதெல்லாம் யார் கணக்கில்? பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் ஷெட்டில் நின்றுகொண்டிருந்த ஒரு குறிப்பிட்ட பிரஸ் மெஷின்தான் கண் முன் நின்றது.

திங்கட்கிழமை காலை நோட்டை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். அவர் அக்கவுண்ட்ஸ் ஆளைக் கூப்பிட்டார். மூன்று வாரம் டை மாற்றும் நேரத்தைக் குறித்துக் கணக்குப் போட்டோம். லாபம் என்று நினைத்துச் செய்துகொண்டிருந்த நாலு பாகங்கள் நஷ்டத்தில் போய்க்கொண்டிருந்தன. அடுத்த கொட்டேஷனில் விலையை மாற்றினோம். அந்தக் கணக்குப் பாடம் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை, காரணம் அதைப் படித்த வாரமே கையில் வைத்துப் பார்த்தேன். முழுநேரம் படிப்பவருக்கு இந்த வசதி இல்லை. அவர் பாடத்தை ஏப்ரலில் படித்து, அடுத்த ஏப்ரலுக்கு அப்புறம்தான் பயன்படுத்த முடியும். இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை, ஆனால் வேலையோடு படிப்பதில் ஆகப்பெரிய லாபம் இது என்று நம்புகிறேன்.

நஷ்டமும் சொல்ல வேண்டும். வார இறுதிப் படிப்புகளில் வளாக வேலைவாய்ப்பு பெரும்பாலும் இருக்காது. வேலை மாற வேண்டும் என்றால் நீங்களேதான் தேட வேண்டும். பட்டம் வாங்கிய மறுநாள் உங்கள் கம்பெனி உங்களை வேறு கண்ணால் பார்க்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். மேலே இருப்பவர்களுக்கு நீங்கள் இன்னும் அதே டீம் லீட்தான். படிக்கும்போதே வேறு பொறுப்பு கேட்டு வாங்கியவர்கள்தான் என் வகுப்பில் முன்னேறினார்கள்.

சென்னையில் இந்த வகைக்குப் பஞ்சமில்லை. நுங்கம்பாக்கம் லயோலா வளாகத்தில் 1979-ல் தொடங்கிய லிபா என்ற பிசினஸ் ஸ்கூலில் வேலை பார்ப்பவர்களுக்கான மாலை நேரப் படிப்பு நீண்ட காலமாக நடக்கிறது, மூன்று வருடம். ஐஐடி மெட்ராஸில் இரண்டாண்டு எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ இருக்கிறது. திருச்சி ஐஐஎம் தன் சென்னை வளாகத்தில் பிஜிபிபிஎம் என்ற வார இறுதிப் படிப்பை நடத்துகிறது. எதில் சேர்ந்தாலும் வகுப்பு நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வகுப்புக்கு வெளியே கேஸ் (நிஜக் கம்பெனிகளின் பிரச்சினையை விவரிக்கும் பாடம்) படிப்பது, குழுவாகச் செய்யும் அசைன்மெண்ட், பரீட்சை எல்லாம் சேர்த்து வாரம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கூடுதலாகப் போகும். குழு வேலை இரவு ஒன்பதரைக்கு மேல்தான் நடக்கும், எல்லோரும் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருப்பார்கள்.

கம்பெனி பணம் கட்டுமா என்று கேட்பீர்கள். கேட்டுப் பாருங்கள், ஆனால் எழுத்தில் வாங்குங்கள். எங்கள் பிரிவுத் தலைவர் பாதிக் கட்டணம் கம்பெனி தரும் என்று வாயால் சொன்னார், நம்பிச் சேர்ந்தேன். இரண்டாவது செமஸ்டருக்குள் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர், "அப்படி எதுவும் ஃபைலில் இல்லையே" என்றார். அடுத்த தவணைக்கு வீட்டு நகை அடகுக்குப் போனது. அந்த ராத்திரி என் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் சொல்கிறேன், எவ்வளவு, எப்போது, எத்தனை வருடம் வேலையில் இருந்தாக வேண்டும் என்ற பாண்ட், நடுவில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் ஹெச்ஆர் மின்னஞ்சலில் வந்த பிறகு முதல் தவணையைக் கட்டுங்கள்.

ஆன்லைனில் 'சீக்கிரம்' முடிப்பது பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அங்கீகரித்த ஆன்லைன் எம்பிஏவும் இரண்டு வருடம்தான். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்பிஏவும் குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் நாலு வருடம் எடுத்துக்கொள்ளலாம். மொத்தக் கட்டணம் ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும். முறையாக அனுமதி பெற்ற ஆன்லைன், தொலைநிலைப் பட்டங்கள் நேரடிப் படிப்புக்குச் சமம் என்று யுஜிசி 2022-ல் தெளிவாக அறிவித்துவிட்டது. இரண்டு வருடத்துக்கும் குறைவாக ஆன்லைனில் ஒருவர் 'எம்பிஏ' விற்கிறார் என்றால் நின்று நிதானித்துப் பாருங்கள். 'பத்து நாள் எம்பிஏ' என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்து, எம்பிஏ என்ற பட்டத்தைக் கொடுக்க அதற்கு அனுமதியே கிடையாது என்று 2024-ல் யுஜிசி எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், ஆன்லைன் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டுச் சேர்ந்து அனுமதி இல்லாமல் தரும் பட்டங்கள் செல்லாது என்றும் சொன்னது. தினம் நாலு தடவை போன் செய்து, "இன்னைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குள்ள சேர்ந்தா முப்பது சதவீதம் தள்ளுபடி மேடம்" என்று ஒருவர் சொல்வார். அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பட்டத்தில் கையெழுத்துப் போடும் பல்கலைக்கழகம் எது? அந்தப் பெயரும் அந்தப் படிப்பும் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இந்த ஆண்டுக்கான பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அனுமதி காலவரம்புக்கு உட்பட்டது, ஆகவே பழைய பட்டியலைப் பார்த்துப் பயனில்லை.

பட்டமா, டிப்ளமாவா, சான்றிதழா என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். ஐஐஎம்கள் பல பத்தாண்டுகளாக டிப்ளமாதான் கொடுத்துவந்தன. 2017-ல் நிறைவேறிய ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி 31-ல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அவற்றுக்குப் பட்டம் தரும் உரிமை வந்தது. ஓராண்டுப் படிப்புக்கு எம்பிஏ பட்டம் கொடுக்கலாமா என்று 2020-ல் ஒரு சர்ச்சையும் எழுந்தது, யுஜிசி விதியில் முதுகலை என்றால் இரண்டு வருடம் என்று இருந்ததால். ஐஎஸ்பி தருவது பட்டம் இல்லை, ஆனாலும் தனியார் கம்பெனிகளில் அதன் மதிப்புக்கு ஒரு குறையும் கிடையாது. தனியார் வேலைதான் குறி என்றால் இதைப் பற்றிக் கவலை வேண்டாம். பின்னாளில் கல்லூரியில் பாடம் நடத்த, பிஎச்டி செய்ய, பொதுத்துறைக்குப் போக எண்ணம் இருந்தால் மட்டும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கும் என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். முன்னணி ஓராண்டுப் படிப்புகளின் கட்டணம் முப்பது லட்சத்தை ஒட்டியும் அதைத் தாண்டியும் போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கைக்கு மாதம் 1,20,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் வேலை இல்லை என்றால் 14,40,000 போகிறது. முப்பது லட்சம் கடன், பத்து சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 39,600. படித்து முடித்து கைக்கு வரும் சம்பளம் 1,80,000 ஆகிறது என்றால் கூடுதல் 60,000. தவணை போக மிச்சம் இருபதாயிரத்துச் சொச்சம். இழந்த 14,40,000-ஐ அந்த மிச்சத்தில் திரும்ப எடுக்க ஏறக்குறைய ஆறு வருடம் ஆகும். படிக்கும்போதே ஏறும் வட்டியையும், நீங்கள் பழைய வேலையிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் இன்கிரிமெண்டையும் நான் சேர்க்கவில்லை. சம்பளம் இரண்டு மடங்கானால் மிச்சம் எண்பதாயிரம் ஆகிவிடும், ஒன்றரை வருடத்தில் எடுத்துவிடலாம். ஆக எல்லாம் அந்தப் புதுச் சம்பளம் என்ன என்பதில் நிற்கிறது. அதைக் கல்லூரி விளம்பரத்தின் 'அதிகபட்ச சம்பள'த்தில் தேடாதீர்கள். வேலைவாய்ப்பு அறிக்கையை வாங்கி நடுமட்டச் சம்பளத்தைப் பாருங்கள், அதாவது வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவர் வாங்குவது. அதில் போனஸ் எவ்வளவு, நிச்சயமான பகுதி எவ்வளவு, வேலை தேடாதவர்கள் என்று எத்தனை பேரை ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அகமதாபாத் ஐஐஎம் இந்த அறிக்கைகளைத் தணிக்கை செய்து வெளியிடும் வழக்கத்தை முன்னின்று கொண்டுவந்தது. தணிக்கை ஆகாத அறிக்கையை நான் நம்ப மாட்டேன். கல்விக்கடன் வட்டிக்கு எட்டு வருடம் வரை வருமான வரிக் கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.

உங்கள் மகளுக்கு நாலு வயது. ஓராண்டுப் படிப்பு என்றால் வளாகத்தில் தங்கியே ஆக வேண்டும். ஐஎஸ்பியிலும் அகமதாபாத்திலும் குடும்பத்தோடு தங்க வீடுகள் இருக்கின்றன, ஆனால் எல்லோருக்கும் போதுமான எண்ணிக்கையில் இருக்கும் என்று எண்ணாதீர்கள். சேர்க்கை உறுதியான அன்றே அதைக் கேளுங்கள். வார இறுதிப் படிப்பில் வேறு மாதிரிப் பிரச்சினை. வாரம் முழுக்க அம்மா ஆபீஸில், சனி ஞாயிறு வகுப்பில், இது இரண்டு வருடம் நடக்கும். என்னோடு படித்த நாலு பெண்களில் இரண்டு பேர் நடுவில் நிறுத்தினார்கள். இரண்டு பேரும் வகுப்பில் முதல் வரிசைக்காரர்கள். ஒருவருக்கு மாமியாரின் உடல்நிலை, இன்னொருவருக்குக் கணவரின் ஆன்சைட், அதாவது வெளிநாட்டில் வேலை. அவர்கள் இடம் காலியாக இருந்த சனிக்கிழமைகள் எனக்கு இன்னும் வலிக்கிறது, ஏனென்றால் ஆண்கள் ஒருவரும் அந்தக் காரணங்களுக்காக நிறுத்தவில்லை. உங்கள் வீட்டில் உட்கார்ந்து சனிக்கிழமை காலை பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது, பரீட்சை வாரத்தில் சமையல் யார் என்று பெயர் போட்டுப் பேசிவிடுங்கள். 'பார்த்துக்கலாம்' என்ற பதிலை ஏற்காதீர்கள்.

இனி என்ன செய்வது? நீங்கள் போக விரும்பும் வேலைக்கான விளம்பரங்கள் பத்தை எடுத்துப் படியுங்கள். அதில் எத்தனை எம்பிஏ கேட்கின்றன என்று எண்ணுங்கள். பிரீசேல்ஸ், டெலிவரி பக்கம் பலவற்றில் அந்தச் சொல்லே இருக்காது. அப்புறம் அந்த வேலையில் இருக்கும், முப்பது வயதைத் தாண்டிப் படித்த மூன்று பேரிடம் பேசுங்கள். லிங்க்டுஇன்னில் எழுதினால் பத்தில் மூன்று பேராவது பதில் போடுவார்கள், தமிழ் ஆட்கள் என்றால் இன்னும் கூட. அவர்களிடம் கல்லூரி எப்படி என்று கேட்காதீர்கள். முதல் வேலைக்கு எத்தனை மாதம் ஆனது, யார் வழியாகக் கிடைத்தது என்று கேளுங்கள்.

இதற்கிடையில் இந்தப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டுக்குப் படிக்க ஆரம்பித்துவிடலாம். இப்போதைய ஜிமேட் மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம். மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும், அதனால் இந்த வருடம் ஓராண்டுப் படிப்பு வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் உழைப்பு வீணாகாது, வார இறுதிப் படிப்புகள் சிலவும் அதை ஏற்கின்றன. ஐஐஎம்களின் ஓராண்டு வகுப்புகள் பெரும்பாலும் ஏப்ரல் வாக்கில் தொடங்கும், விண்ணப்பச் சுற்றுகள் அதற்கு முந்தைய வருடத்தின் பிற்பாதியிலேயே வந்துவிடும். நான் காலை ஐந்திலிருந்து ஆறரை வரை படித்தேன், வீடு எழுந்திருக்கும் முன்பு. நாலு மாதம் பிடித்தது. உங்களுக்கு அந்த வேலையின் பெயர் தெளிவானதும் எழுதுங்கள், எந்தக் கல்லூரி என்று அப்போது பெயர் சொல்லிப் பேசலாம்.